கரையடியில் ஊறிய தண்ணீர்: பழைய அணைக்குக் கீழே நிலம் பார்ப்பவர்களுக்கு என் அனுபவம்

2022 பிப்ரவரியில், என் தக்காளித் தோட்டத்தின் மேற்கு வரப்பை ஒட்டி மண் ஈரமாக இருப்பதை முதலில் பார்த்தது என் மாமியார்தான். ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனவர், "அங்க கோரை தளதளன்னு நிக்குது, யாரு தண்ணி விட்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். யாரும் விடவில்லை. அந்த வரப்பிலிருந்து 50 அடி மேலே போனால் அணையின் மண் கரை ஆரம்பித்துவிடும். 2021 கடைசியில் பெய்த மழையில் அணை நிரம்பி, அந்த மாதமும் தண்ணீர் தளும்பி நின்றது. தருமபுரி மாவட்டத்தில் 800 அடி, 1000 அடி என்று போர் போட்டும் புகை மட்டும் வந்த கதை வீட்டுக்கு வீடு உண்டு. கோடை நெருங்கும் நேரத்தில் தோட்டத்திலேயே தண்ணீர் ஊறுகிறது என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தேன்.

அணையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஐம்பது வயதை நெருங்கிய அணை. கல் பாவிய மண் கரை, பாசனத்துக்குத் தண்ணீர் விடும் ஒரு மதகு, நடுவில் ஷட்டர் வைத்த கலிங்கு, அதாவது உபரித் தண்ணீர் வெளியேறும் இடம். பாசனத்துக்கென்று கட்டியது, பிறகு டவுனுக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் அணையாகவும் ஆனது. என் கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார், மாதத்தில் இரண்டு நாள் வருவார். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் இருந்துவிட்டு, மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்து 2 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தேன். ஏக்கருக்கு வருடம் 20,000 ரூபாய், வாய்ப்பேச்சுதான். எழுத்து எதுவும் இல்லை. அந்த வாய்ப்பேச்சு என்ன செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

ஈரமான இடத்தில் நான் செய்த முதல் வேலை, இடுப்பளவு குழி தோண்டியது. தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. பழைய டீசல் இன்ஜின் ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கி வைத்து, காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் இறைத்தேன். குழி குறையக் குறைய ஊறியது. அந்தத் தண்ணீரில்தான் அந்தக் கோடையில் தக்காளி எடுத்தேன். விஷயம் பரவியதும் நிலத்துக்காரர், "ஊத்து இருக்கிற நிலம்மா இது" என்று ஏக்கருக்கு 5,000 ரூபாய் ஏற்றினார், அதையும் கொடுத்தேன். இது கரையிலிருந்து வருகிற கசிவு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். வெளியே சொன்னால் யாராவது வந்து அடைத்துவிடுவார்கள், என் தண்ணீர் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது. எங்களுக்குக் கீழே இரண்டு தெரு, ஒரு ஆரம்பப் பள்ளி, ஓடையை ஒட்டி 30, 40 வீடு. எட்டு மாதம் அத்தனை பேர் தலைக்கு மேலே இருந்த ஒரு விஷயத்தை நான் என் தக்காளிக்காக மறைத்து வைத்திருந்தேன்.

அந்த வருடம் அக்டோபரில் மழை பிடித்து அணை மறுபடி ஏறியது. ஒருநாள் காலையில் இன்ஜின் ஒரு மாதிரி கரகரவென்று சத்தம் போட்டது. பம்பைக் கழற்றினால் உள்ளே முழுக்க நைசான மணல். குழியை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் காபி நிறத்தில் இருந்தது. அடியில் ஒரு இடத்தில், அடுப்பில் கஞ்சி கொதிப்பது போல மணல் பொங்கிப் பொங்கி அடங்கியது. பக்கத்தில் எறும்புப் புற்று மாதிரி வட்டமாக மணல் குவிந்திருந்தது. அப்போதுதான் முதல் தடவையாகப் பயந்தேன்.

எங்கள் ஊரில் லஸ்கராக, அதாவது அணையையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் காவலாளாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா இருக்கிறார். முப்பது வருடம் அந்தக் கரையில் நடந்தவர். அவரை வண்டியில் உட்காரவைத்து அழைத்து வந்தேன். குழியைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஏம்மா, தண்ணி வர்றது தப்பில்ல. மண்கரைன்னா கொஞ்சம் தண்ணி குடிச்சுக் கசியத்தான் செய்யும். தெளிஞ்ச தண்ணி வந்தா பயமில்ல. மண்ண எடுத்துட்டு வருதான்னு பாக்கணும். வெளிய வர்ற ஒவ்வொரு பிடி மண்ணும் கரை வயித்துக்குள்ள இருந்து வருது." அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதம் இது: கசிவு மண்ணை இழுக்க ஆரம்பித்தால், வெளிப்பக்கத்திலிருந்து அணையின் உட்பக்கம் நோக்கி ஒரு குழாய் மாதிரி பொந்து வளர்ந்துகொண்டே போகும். அது உள்ளே நிற்கிற தண்ணீரைத் தொட்டுவிட்டால் பிறகு மணிக் கணக்குதான். நான் குழி தோண்டியது, நாள் தவறாமல் இறைத்தது, இரண்டுமே அந்த ஓட்டத்தை வேகப்படுத்தும் வேலைகள். தண்ணீரை இறைக்க இறைக்க உள்ளிருந்து வரும் இழுப்பு கூடும்.

தாத்தா எனக்குச் சொல்லிக்கொடுத்த சோதனைக்குக் காசு ஒன்றும் ஆகாது. அணைக்குக் கீழே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. ஒரு கண்ணாடி பாட்டிலில் கசிவுத் தண்ணீரைப் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் வண்டல் படிந்திருந்தால் உடனே ஆட்களைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று, கசிவை அளப்பது. ஓடுகிற தண்ணீரைச் சிறு மண் வரப்பு கட்டித் திருப்பி, அதில் ஒரு பிவிசி பைப்பைச் செருகி, கீழே 20 லிட்டர் பெயிண்ட் வாளியை வைத்து நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். அதைத் தேதி போட்டு எழுதுங்கள். பக்கத்திலேயே அன்றைக்கு அணை எத்தனை அடி என்பதையும் எழுதுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அணை ஏறினால் கசிவும் ஏறும், அது இயல்பு. அதே மட்டத்தில் கசிவு கூடினால்தான் கோளாறு. என் நோட்டில் அணை 34 அடி இருந்தபோது வாளி நிரம்ப 50 விநாடி. மூன்று வாரம் கழித்து, அணை அதே 34 அடிக்கு இறங்கி நின்றபோது 31 விநாடி. பின்னால் நான் போன இடங்களிலெல்லாம் என் கண்ணீரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இரண்டு எண்களைக் காட்டிய பிறகுதான் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

அதற்கு முன்பு இன்னொரு தப்பும் நடந்தது. தாத்தா சொன்னதைக் கேட்டும், பயத்தில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் பேச்சைக் கேட்டுக் குழியைக் களிமண்ணும் சிமென்ட் கலவையும் போட்டு அடைத்துவிட்டோம். ஆள் கூலி, சிமென்ட் எல்லாம் சேர்ந்து 6,500 ரூபாய். இரண்டு நாள் காய்ந்து கிடந்தது, நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் 12 அடி தள்ளி, கரைக்கு இன்னும் கிட்டத்தில், புதிதாக ஒரு இடம் பொங்கியது. வெளிப்பக்கத்தில் மூடினால் தண்ணீர் நிற்காது, உள்ளே அழுத்தம் கூடி வேறு பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். செய்ய வேண்டியது வடிகட்டி போடுவது: முதலில் ஆற்று மணல், அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி, பிறகு கல். தண்ணீர் வெளியே வரலாம், மண் வரக்கூடாது. அவசரத்துக்குப் பொங்குகிற இடத்தைச் சுற்றி மணல் மூட்டையை வளையமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் மட்டம் ஏறவிட்டால் அதன் எடையே வேகத்தைக் குறைக்கும். தாத்தா நின்று சொல்லச் சொல்ல, நானும் நூறு நாள் வேலைக்கு வரும் நான்கு அக்காக்களும் 60 மூட்டை அடுக்கினோம். அன்று சாயங்காலம் தண்ணீர் தெளிந்தது. அவசரத்துக்கு இப்படிச் செய்தோமே தவிர, நிரந்தர வேலையை விவரம் தெரிந்த பொறியாளர் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

மறுநாளிலிருந்து அலைச்சல். அணை யாருடையது என்பதே எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் எடுப்பவர்களிடம் போனால், குழாய்தான் எங்களுடையது, கரை எங்களுடையது இல்லை என்றார்கள். கரை பார்ப்பவர்களிடம் போனால், கசிவு பட்டா நிலத்தில் இருக்கிறது, முதலில் சர்வே செய்ய வேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில், "இத்தன நாள் இறைச்சுக்கிட்டு இருந்தீங்க இல்ல, இப்ப என்ன?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். 14 தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பஸ், சாப்பாடு, ஜெராக்ஸ் என்று 200 ரூபாய்க்குக் குறையாது, ஒருநாள் வேலையும் போகும். அதற்குள் ஈரம் பரவி, அரை ஏக்கர் தக்காளி வேரழுகிச் சாய்ந்தது. அந்தப் போகத்தில் மட்டும் 60,000 ரூபாய் போயிற்று.

அலைந்து கற்றதைச் சொல்கிறேன். வாய்ச் சொல்லால் ஒன்றும் நகராது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மாதத்துக்கு ஒருமுறை விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கும், அங்கே எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பார்கள். "அது அவர்கள் வேலை" என்று சொல்ல முடியாது, அவர்களும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். நான் மைக்கைப் பிடித்து என் 50 விநாடி, 31 விநாடிக் கணக்கைச் சொன்னது அந்தக் கூட்டத்தில்தான். தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய்க்குக் கோர்ட் பீஸ் வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி, வந்த இடத்தில் தகவல் இல்லையென்றால் அவர்களே 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அணை யாருடையது என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது அப்படித்தான்.

என்ன கேட்பது என்பதும் முக்கியம். முதல் மனுவில் "அணை பாதுகாப்பாக உள்ளதா?" என்று கேட்டேன். "உள்ளது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அடுத்த மனுவில் ஆவணம் கேட்டேன்: கடைசியாக மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஆய்வு செய்த அறிக்கையின் நகல், கசிவு அளவுப் பதிவேட்டின் கடந்த மூன்று வருடப் பக்கங்கள், ஷட்டர்களைக் கடைசியாக ஏற்றி இறக்கிப் பார்த்த தேதி, அவசரகாலச் செயல் திட்டத்தின் நகல், அணையின் உயரம், நீளம், கொள்ளளவு. கடைசியில் கேட்டது எதற்கு என்றால், 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் எல்லா அணைக்கும் பொருந்தாது. 15 மீட்டருக்கு மேல் உயரம் இருந்தால் நேரடியாக வந்துவிடும். 10 மீட்டரிலிருந்து 15 மீட்டர் என்றால் வேறு தகுதியும் வேண்டும். கரையின் நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருப்பது அதில் ஒன்று, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருப்பது இன்னொன்று. எங்கள் அணை 40 அடிக்குக் கொஞ்சம் மேல், 12 மீட்டர் சொச்சம். உயரம் மட்டும் பார்த்திருந்தால் சட்டத்துக்கு வெளியே என்று சொல்லியிருப்பார்கள். கரை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம் என்பதால் உள்ளே வந்தது. அந்தச் சட்டப்படி மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஆய்வு கட்டாயம். இந்த வரியை எழுதிக் கொடுத்த மனுவுக்குத்தான் பொறியாளர் நேரில் வந்தார்.

வந்தவர் நல்ல மனிதர். என் நோட்டைப் பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். கரை முழுக்க நடந்து அவர் காட்டிய பிறகுதான், நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தக் கரையை என்ன பாடு படுத்தியிருக்கிறோம் என்று தெரிந்தது. சீமைக்கருவேல மரங்கள் கரையில் காடாக நின்றன. ஊரில் விறகுக்கு அடியோடு வெட்டுவார்கள், வேரை விட்டுவிடுவார்கள். வேர் நான்கைந்து வருடத்தில் மக்கிப் போனால், அது இருந்த இடம் கரைக்குள் ஒரு பொந்து. பெரிய மரத்தை எடுப்பதென்றால் தண்ணீர் குறைவாக இருக்கும்போது வேரோடு எடுத்து, அந்தக் குழியில் நல்ல மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். அப்புறம் எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று. மாடுகள் ஏறி இறங்கும் தடத்தில் கரை ஒரு முழத்துக்குத் தேய்ந்திருந்தது. கரையின் அடியில் வண்டி மண் எடுத்திருந்த பள்ளத்தைப் பார்த்து, இது யார் வேலை என்று கேட்டார். ஊரில் பாதிப் பேர் வீட்டுத் திண்ணை அந்த மண்தான்.

அவர் மிகவும் கவலையோடு பார்த்தது மதகை. மண் கரைக்குள் கட்டுமானக் குழாய் நுழையும் இடத்தில் மண்ணும் கட்டுமானமும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் விலகினால், தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடப் பார்க்குமாம். மதகின் வெளிவாயைச் சுற்றி ஈரம் தெரிந்தால் மற்ற எந்த இடத்து ஈரத்தையும்விட அதற்கு முதலிடம் கொடுங்கள் என்றார். கரையின் மேல் நீளவாக்கில் விரிசல், ஒரு இடம் மட்டும் சப்பென்று உட்கார்ந்திருப்பது, அணைத் தண்ணீரில் கரையோரம் சுழி தெரிவது, இவற்றில் எதைக் கண்டாலும் மறுநாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

வேலை தொடங்க வேண்டுமானால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இங்கேதான் நான் எதிர்பார்க்காத அடி விழுந்தது. மட்டத்தை 10 அடி இறக்கியதும் டவுனில் நான்கு நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை ஆனது. "அந்தம்மா மனு போட்டுத்தான் தண்ணிய தொறந்து விட்டுட்டாங்க" என்று பேச்சு. சந்தையில் என்னிடம் வருடக்கணக்கில் தக்காளி வாங்கும் ஒருவர் முகம் கொடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மாவட்டத்தில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் எல்லை என்பார்கள், பல ஊர்களில் அதைத் தாண்டும். மஞ்சள் கறை ஏறிய பல்லோடு எத்தனை பிள்ளைகள், முழங்கால் வளைந்த எத்தனை பெரியவர்கள்! 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு நிலைமை மாறியது என்றாலும், குழாய் உடைந்தாலோ கரண்ட் போனாலோ டவுன் இந்த அணையைத்தான் பார்க்கும். குடிதண்ணீர் அணையைக் காலி செய்து பழுது பார்ப்பது பாசன அணையைப் போல எளிதில்லை. அதனாலேயே வேலை வருடக்கணக்கில் தள்ளிப் போகிறது. மனு கொடுப்பவர்கள், மட்டத்தைக் குறைக்கும் காலத்துக்கு மாற்றுத் தண்ணீர் ஏற்பாடும் வேண்டும் என்று அதே மனுவில் எழுதிவிடுங்கள். டவுன்காரர்களையும் கையெழுத்துப் போட வையுங்கள். நான் தனியாகக் கொடுத்தேன், ஏச்சும் தனியாகத்தான் கிடைத்தது.

2023 கோடையில் கரையடியில் கல், ஜல்லி, மணல் போட்டு வடிகால் அமைத்தார்கள், மரங்களை எடுத்தார்கள். கசிவு ஒரு கால்வாயில் சேர்ந்து ஒரே இடத்தில் வெளியே வந்தது, தெளிவாக. ஷட்டர் வேலை மட்டும் அப்படியே நின்றது. நானும் சும்மா இருந்துவிட்டேன். 2024 ஆகஸ்ட் 10 அன்று கர்நாடகத்தின் துங்கபத்ரா அணையில் 19-ஆவது ஷட்டர், சங்கிலி அறுந்து அடித்துக்கொண்டு போன செய்தி வந்தது. 70 வருடப் பழைய அணை. எனக்கு உடனே நினைவு வந்தது 2017 நவம்பர் 29. அன்றுதான் கிருஷ்ணகிரி கேஆர்பி அணையின் எட்டு ஷட்டர்களில் முதலாவது உடைந்தது. அதை அடைக்க மட்டத்தை இறக்க வேண்டியிருந்தது, 52 அடி அணை அப்புறம் வெகுநாள் நிரம்பாமல் கிடந்தது. 2018 ஆகஸ்டில் திருச்சி பக்கத்து முக்கொம்பு அணையில் ஒரே இரவில் ஒன்பது ஷட்டர்கள் போயின. கரை நன்றாக இருந்தும் இரும்பு துருப்பிடித்தால் போதும். ஷட்டரைப் பற்றிக் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: துரு எடுத்து பெயிண்ட் அடித்தது எப்போது, ஓரத்து ரப்பர் சீல் ஒழுகுகிறதா, இரும்புக் கயிறும் கியரும் கிரீஸ் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று, கரண்ட் இல்லாவிட்டால் கையால் ஏற்ற முடியுமா, ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா. ஆகஸ்ட் மாதமே மறுபடி மனு கொடுத்தேன். செப்டம்பரில் வந்து ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஒரு ஷட்டர் பாதியிலேயே சிக்கி நின்றது. அதைச் சரிசெய்ய 11 நாள் ஆனது. மழை நாளில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

அந்த மழை நாளும் வந்தது. 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சல் புயல் கடலோரம் கரை கடந்து வலுக்குறைந்துவிட்டது என்று எல்லோரும் அலட்சியமாக இருந்தோம். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்தார்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் இரவு பத்து மணிக்கு மேல் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் வந்து வந்து போனது. பதினொன்றரைக்கு அந்தத் தாத்தாதான் கூப்பிட்டார். "ஷட்டர் எல்லாம் ஏறியாச்சும்மா, கலிங்குத் தண்ணி ஓடைல நிக்காது. மாமியார இட்டுக்கிட்டு மேட்டுக்கு வந்துரு." மாமியாரைத் தூக்காத குறையாக நடத்தி, நான்கு ஆடுகளை அவிழ்த்துவிட்டு, ரோட்டு மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கீழ்த்தெருவில் கதவு கதவாகத் தட்டி ஆட்களை எழுப்பினது நானும் இரண்டு பையன்களும். விடியும்வரை ஒவ்வொரு இடிச் சத்தத்துக்கும் கரை போய்விட்டதோ என்று எழுந்து எழுந்து பார்த்தேன்.

கரை நின்றது. என் வயல் நிற்கவில்லை. கலிங்கிலிருந்து உபரித் தண்ணீர் போகிற ஓடை ஒரு காலத்தில் 40 அடி அகலம் இருந்ததாம். இருபுறமும் வரப்பைத் தள்ளித் தள்ளி 15 அடியாக்கி வைத்திருக்கிறோம், நடுவில் ரோட்டுக்கு இரண்டு சின்னக் குழாய் பதித்த பாலம். அதில் கோரையும் பிளாஸ்டிக்கும் மரக்கிளையும் அடைத்துக்கொண்டதும் தண்ணீர் என் தோட்டத்தின் மேலே ஏறிவிட்டது. சொட்டுநீர்ப் பைப், தக்காளிக்கு ஊன்றிய கம்பும் கம்பியும், மோட்டார், அறுவடைக்கு நின்ற தக்காளி, ஒரு முழ மேல்மண். கூட்டிப் பார்த்தால் 2,30,000 ரூபாய். அணையைப் பற்றி அத்தனை மனு கொடுத்த நான், அணைக்குக் கீழே தண்ணீர் போகிற வழியைப் பற்றி ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை. அணை பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் ஷட்டரைத் திறந்தாக வேண்டும். திறந்த தண்ணீர் போக வழி வேண்டும். கலிங்கு ஓடையின் அகலத்தைக் கிராம வரைபடத்தில் பார்த்து அளந்துவைத்துக்கொள்ளுங்கள்.

நிவாரணத்துக்கு எழுத வந்தார்கள். 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்றால் நிவாரணம் உண்டு, எனக்கு முழுசும் போயிருந்தது. ஆனால் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கில், இருந்தது நிலத்துக்காரர் பெயர். குத்தகைக்கு எழுத்து இல்லை. பணம் அவர் கணக்குக்குப் போனது. கேட்டபோது, "நிலமும்தானம்மா போச்சு" என்றார், பாதியாவது கொடுங்கள் என்று மூன்று தடவை கேட்டு 4,000 ரூபாய் வாங்கினேன். குத்தகை எடுப்பவர்கள், தெரிந்தவர் சொந்தக்காரர் என்று பார்க்காமல் பத்திரத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு போகத்திலும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, சாகுபடி செய்வது யார் என்பதை அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள். வயலை மாதம் ஒருமுறை தேதி தெரிய போட்டோ எடுங்கள். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி என்ன என்று வேளாண்மை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

அந்த ராத்திரி நான் 1077-க்கு எத்தனையோ தடவை அடித்தேன், செல்போனிலிருந்து எங்கெங்கோ போனது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்போனில் அடிப்பதானால் முன்னால் எஸ்டிடி கோடு போட வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். தருமபுரிக்கு 04342, கிருஷ்ணகிரிக்கு 04343, அப்புறம் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. இதைப் பள்ளிக்கூடச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஷட்டர் இயக்குபவரின் நம்பரையும் எழுதச் சம்மதம் வாங்கினோம்.

இப்போது அதே நிலத்தில்தான் இருக்கிறேன், 3 வருடத்துக்கு எழுத்துக் குத்தகையோடு. மேற்கு வரப்பை ஒட்டி அரை ஏக்கரைத் தரிசாகவே விட்டிருக்கிறேன், குழி தோண்டுவதில்லை. மாதம் 1-ஆம் தேதியும், மழை பெய்தால் மறுநாள் காலையிலும், வடிகால் வாயில் வாளியை வைத்து அளக்கிறேன். போன மாதம் அணை 30 அடி, வாளி நிரம்ப 72 விநாடி, பாட்டிலில் வண்டல் இல்லை.